பலன் சொல்வோர்!

திருமண வீடு. பந்தியிலே ஒருவர் வேடிக்கையாகப் பேசுகிறார். கூடியிருந்தோர் குலுங்கக் குலுங்கச் சிரிக்கின்றனர். ஒரு மாது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த சிரிப்பை விழுங்குகிறாள். சிடுமூஞ்சி என்கிறாள் ஒருத்தி. செருக்கு என்கிறாள் மற்றொருத்தி. இரண்டும் இல்லை. சிரித்தால் சிறுநீர் கசியும். அதை அவள் அறிவாள். அவளன்றி வேறெவரும் அறியார். கொண்ட கணவனிடமும் சொன்னதில்லை, பெற்ற மகளிடமும் சொன்னதில்லை.

இருமினால் கசிவு, தும்மினால் கசிவு, குடத்தைத் தூக்கினால் கசிவு, பேருந்தைப் பிடிக்க நாலடி ஓடினால் கசிவு! மருத்துவர் இதற்கு அழுத்தச் சிறுநீர்க் கசிவு என்று பெயரிட்டிருக்கின்றனர். இங்கே அழுத்தம் என்பது மனத்தின் அழுத்தமன்று. இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றினுள் எழும் அழுத்தம். சிறுநீர்ப்பையையும் அதன் வாயிலையும் தாங்கி நிற்பவை இடுப்பின் அடித்தளத் தசைகள். பிள்ளைப்பேறு அவற்றை நைந்துபோகச் செய்கிறது. வயதும் உடற்பருமனும் மேலும் தளர்த்துகின்றன. தாங்கவேண்டியது தளர்ந்தால் அடைக்கவேண்டியது திறக்கிறது. இவ்வளவுதான் செய்தி. முன்வினைப் பயனும் இல்லை, முறைகேடும் இல்லை. கால் சுளுக்கினால் ஊர் முழுவதும் சொல்லுகிறோம். இந்தத் தசை தளர்ந்தால் மட்டும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லுகிறோம்!

நம் வீடுகளில் மட்டுமே இந்த மௌனம் என்றும் எண்ணவேண்டாம். நார்வே நாட்டின் ஒரு மாவட்டத்தில், 1995 முதல் 1997 வரை, 27,936 பெண்களிடம் கேட்டறிந்தனர். நால்வருள் ஒருவர் தமக்குச் சிறுநீர்க் கசிவு உண்டு என்றார். அப்படிச் சொன்னவர்களில் மருத்துவரிடம் சென்றவர் எத்தனை பேர்? ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே! படிப்பும் பொருளும் பொது மருத்துவமும் நிறைந்த நாட்டிலேயே நாணம் இவ்வளவு நாவைக் கட்டியிருக்கிறது என்றால், மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

இந்த நாணத்தின் வாயிலிலே வந்து நிற்கிறது ஒரு புதிய கருவி. லேசர்! கத்தியில்லை, தையலில்லை, மருத்துவமனையில் படுக்கவும் வேண்டாம். பெண்ணுறுப்பின் உட்சுவரில் ஒளிக்கதிரைச் செலுத்தினால் அதன் வெப்பத்தால் திசுவிலுள்ள கொலாஜன் என்னும் புரதநார் சுருங்கும், புதிய நார் தோன்றும், தளர்ந்த இடம் இறுகும், கசிவு நிற்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எர்பியம் லேசர் ஒருவகை. கரியமில வாயு லேசர் மற்றொரு வகை. விளக்கம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அழகான விளக்கம் உண்மையான விளைவாகிவிடுமா என்பதே கேள்வி.

எல்லோருக்கும் இது பலிக்கவில்லை என்பதை லேசர் பயன்படுத்துவோரே ஒப்புக்கொள்ளுகின்றனர். எனவே அவர்கள் அடுத்த கேள்விக்குப் போகின்றனர்: எந்தப் பெண்ணுக்குப் பலன் கிடைக்கும்? முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? சிகிச்சை பெற்றவர்களை வரிசைப்படுத்திப் பார்த்து, இளவயதினர், உடற்பருமன் இல்லாதவர், கசிவு சிறிதளவே உள்ளவர் ஆகியோருக்கு நல்ல பலன் என்று சிலர் எழுதியும் இருக்கின்றனர். அறிவியல் முறையாகத்தானே தோன்றுகிறது? ஆராய்ந்து, அளந்து, தகுந்தவரைத் தேர்ந்தெடுப்பது நல்லதுதானே?

தோழர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று நிதானிக்கவேண்டும். ‘பலன்’ என்ற சொல் நமக்குப் பழகிய சொல். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பலன் சொல்வோரை நாம் நெடுங்காலமாக அறிவோம். கருவுற்றவளுக்கு மருந்து கொடுத்து, ஆண்பிள்ளை பிறக்கும் என்று வாக்களிக்கும் போலி வைத்தியனையும் அறிவோம். பிறந்தது பெண்ணானால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சத்தியம் செய்கிறான் அவன். சத்தியத்தை மீறவும் இல்லை! ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எப்படியும் ஆண்பிள்ளைதான் பிறக்கப்போகிறது. அவர்களெல்லாம் வாழ்த்திக்கொண்டே போகின்றனர். அவன் பெட்டி நிறைகிறது. அவன் மருந்தைத் தின்னாத தாய்மார்களுக்கும் அதே கணக்கில்தான் ஆண்பிள்ளை பிறந்தது என்பதை எண்ணிப்பார்க்க அந்த ஊரில் ஆளில்லை.

கிரேக்க நாட்டில், கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில், டயகோரஸ் என்ற நாத்திகர் இருந்தார். கோயில் சுவரில் தொங்கிய படங்களை அவருக்குக் காட்டினர். கடலில் புயலுக்கு இலக்காகி, கடவுளை வேண்டி, உயிர் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்கள் அவை. இவ்வளவு சான்றுகளைக் கண்டபின்னுமா நம்பிக்கை வரவில்லை என்று கேட்டனர். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம். சிசரோ என்னும் ரோம நாட்டு அறிஞர் இந்தச் செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்தக் கேள்வி இன்னும் கூர் மழுங்கவில்லை. கோயில் சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்வியை மருத்துவ விளம்பரத்தைப் பார்த்துக் கேட்கத் தயங்குவானேன்?

நலமடைதல் வேறு, பயன் பெறுதல் வேறு. நலமடைந்தவளைக் கண்ணால் காணலாம். பயன் பெற்றவளைக் கண்ணால் காணமுடியாது. ஏனெனில், லேசர் செய்துகொள்ளாதிருந்தால் அவள் எப்படி இருந்திருப்பாள் என்பது எவருக்கும் தெரியாது. ஒரே பெண் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற்றவளாகவும் பெறாதவளாகவும் வாழ்ந்து காட்டமுடியாதே!

சிகிச்சை பெறாமலும் நலம் வருமா என்று கேட்கலாம். வரும். அமெரிக்காவில் உடற்பருமனோடு சிறுநீர்க் கசிவும் கொண்ட 338 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் எடை குறைக்கும் பயிற்சி. வாரந்தோறும் நேரும் கசிவு 47 விழுக்காடு குறைந்தது. மற்றொரு பிரிவினருக்குச் சில அறிவுரை வகுப்புகள் மட்டுமே. அவர்களுக்கும் 28 விழுக்காடு குறைந்தது! எடைக் குறைப்பின் மெய்யான பயன் இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடுதான். அந்த இரண்டாம் பிரிவினர் மட்டும் லேசர் அறைக்குப் போயிருந்தால், 28 விழுக்காட்டுப் பெருமை முழுவதும் லேசரின் கணக்கிலே ஏறியிருக்கும்.

காரணம் மாயமன்று. தொல்லை மிகும்போதுதான் மனிதர் மருத்துவரைத் தேடுகின்றனர். மிகுந்தது தானே தணிவதும் உண்டு. கவனித்துக் கேட்பவர் கிடைத்ததாலேயே நோயின் பாரம் குறைந்ததாகத் தோன்றும். செலவு செய்தவர்க்குச் செலவு வீண் என்று சொல்ல மனம் வராது. மார்வலிக்கு மார்பின் உட்புறத் தமனியைக் கட்டிவிடும் அறுவை முறை ஒன்று 1950களில் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்தது. நோயாளிகள் நலம் கண்டோம் என்றனர். 1959இல் லியோனார்ட் காப் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு மெய்யாகவே கட்டினர், சிலருக்குத் தோலை மட்டும் கீறி மூடிவிட்டனர். கீறல் மட்டும் பெற்றவர்களும் அதே அளவு நலம் கண்டனர்! அந்த அறுவை முறை விரைவில் வழக்கொழிந்தது. கத்திக்கே இந்தக் கதி என்றால் கதிருக்கு மட்டும் விலக்குண்டா?

இப்போது லேசரின் ‘தகுந்த பெண்’ யார் என்று மீண்டும் பாருங்கள். இளவயது, அளவான எடை, சிறிதளவு கசிவு. இவர்கள் எந்த வழியில் சென்றாலும் நலமடையக்கூடியவர்கள்! எளிதில் தேறக்கூடிய மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, தேர்ச்சி நூற்றுக்கு நூறு என்று தட்டி எழுதும் பயிற்சிக்கூடத்தை நாம் கண்டதில்லையா? அந்தத் தேர்ச்சி ஆசிரியரின் திறமையா, மாணவரின் திறமையா? யார் தேறுவார் என்று கண்டறிந்தனர். யார் தம்மால் தேறுவார் என்று கண்டறியவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழிதான் உண்டு. பெண்களைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கவேண்டும். ஒரு பிரிவுக்கு லேசர். மற்றொரு பிரிவுக்கு அதே அறை, அதே கருவி, கதிர் மட்டும் இல்லாத போலிச் சிகிச்சை. இன்னது பெற்றோம் என்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. பிறகு இரு பிரிவையும் ஒப்பிடவேண்டும்.

அப்படியும் செய்து பார்த்திருக்கின்றனர். ஸ்லொவேனியா நாட்டில், பிள்ளை பெற்ற, மாதவிடாய் இன்னும் நிற்காத 114 பெண்களிடம் எர்பியம் லேசரைச் சோதித்தனர். முடிவு 2018இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்து, கசிவு முற்றிலும் நின்றவர்கள் லேசர் பெற்றோரில் 100க்கு 21 பேர். போலிச் சிகிச்சை பெற்றோரில் 100க்கு 4 பேர். ஆஸ்திரேலியாவில் 101 பெண்களிடம் கரியமில வாயு லேசரைச் சோதித்தனர். முடிவு 2022இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்து இரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. கருவியும் வேறு, பெண்களும் வேறு என்பதை மறக்கவேண்டாம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது பகுத்தறிவாகாது. எல்லாம் புரட்டு என்று கூவுவதும் ஆராயாத நம்பிக்கைதான். திசை மட்டுமே வேறு.

லேசருக்குச் சாதகமான ஸ்லொவேனியக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நூறு பெண்களில் 21 பேர் கசிவு நீங்கினர். அவர்களில் 4 பேருக்குப் போலிச் சிகிச்சையாலும் நீங்கியிருக்கும். ஆகவே லேசருக்குக் கடமைப்பட்டவர்கள் 17 பேர். அந்த 17 பேர் யார்? 21 பேரை வரிசையாக நிறுத்தினாலும் கண்டுபிடிக்க முடியாது! எல்லோரும் ஒரே மகிழ்ச்சியோடு, ஒரே நன்றியோடு நிற்பர். நால்வர் சொல்லும் நன்றி வீண் நன்றி; ஆனால் பொய் நன்றியன்று, மனமார்ந்த நன்றி. ‘எனக்குக் குணமாயிற்று’ என்ற சான்று எவ்வளவு நேர்மையானதாயினும் போதாது என்பது இதனால்தான். மேலும், அந்த நூற்றுவரில் 79 பேருக்குக் கசிவு முற்றிலும் நிற்கவில்லை. அவர்களை எந்த விளம்பரத்திலும் காணோம்.

சரி, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலேயே வயது வாரியாக, எடை வாரியாகப் பிரித்துப் பார்த்து, பயன் பெறுவோரைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதிலும் ஒரு படுகுழி உண்டு. 1988இல் வெளிவந்த மாரடைப்பு ஆய்வு ஒன்றில் 17,187 நோயாளிகள் பங்கு கொண்டனர். ஆஸ்பிரின் மாத்திரை உயிர்காக்கிறது என்பது அதில் ஐயத்திற்கிடமின்றி விளங்கிற்று. ஆனால் எந்த எந்தப் பிரிவினருக்குப் பயன் என்று பிரித்துக் காட்டும்படி இதழினர் வற்புறுத்தினராம். ஆய்வாளர்கள் என்ன செய்தனர் தெரியுமா? மேலைநாட்டு முறைப்படி பிறந்த தேதியைக் கொண்டு நோயாளிகளை ராசி வாரியாகப் பிரித்தனர்! மிதுன ராசியினருக்கும் துலா ராசியினருக்கும் ஆஸ்பிரினால் பயனில்லை என்று வந்தது கணக்கு! ராசி உண்மை என்று காட்டவா அதைச் செய்தனர்? இல்லை. 17,000 பேரைப் பன்னிரண்டு கூறாக வெட்டினாலே தற்செயல் இப்படிக் கூத்தாடும் என்று காட்டிச் சிரித்தனர். அப்படியானால் நூறு பேரை நாலு கூறாக வெட்டி, இன்ன எடைக்கு இன்ன பலன் என்று அறுதியிடுவோரை எந்த வரிசையில் வைப்பது? வெள்ளைச் சட்டை அணிந்திருப்பதாலே மட்டும் ராசிபலன் அறிவியலாகிவிடாது.

பொறுப்புள்ள நிறுவனங்கள் இதனை உணர்ந்தே பேசியிருக்கின்றன. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. சிறுநீர்க் கசிவு முதலான குறைகளுக்கும் ‘இளமை மீட்பு’க்கும் இக்கருவிகளைப் பெண்ணுறுப்பில் பயன்படுத்துவதன் பயனும் பாதுகாப்பும் நிலைநாட்டப்படவில்லை என்றும், தீக்காயம், தழும்பு, உடலுறவில் வலி, தீராத வலி ஆகியவை நேர்ந்திருப்பதாகப் புகார்கள் வந்துள்ளன என்றும் அது சொல்லிற்று. பிரிட்டனில் ‘நைஸ்’ என்னும் மருத்துவ நெறிமுறை நிறுவனம், அழுத்தக் கசிவுக்கு லேசரை ஆய்வின் பகுதியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2021இல் கூறிற்று.

அவசரம் விளைத்த தீங்குக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. இதே நோய்க்கு, சிறுநீர்க் குழாயின் கீழே செயற்கை நார்ப் பட்டையைப் பொருத்தும் அறுவை 1990களில் சுவீடனில் தோன்றி உலகெங்கும் பரவிற்று. பலருக்கு நன்மையே செய்தது, மறுக்கவில்லை. ஆனால் சிலருக்குப் பட்டை உள்ளே அரித்து, ஆறாத வலியைத் தந்தது. வலிக்கிறது என்றவர்களிடம், இதெல்லாம் பெண்களுக்கு வழக்கம்தான், மனப்பிரமைதான் என்று கூறி அனுப்பிவிட்டனர். பிரிட்டனில் 2018 ஜூலையில் அந்த அறுவை நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணைக் குழு 2020இல் அளித்த அறிக்கை, அப்பெண்கள் சொன்னது ஆண்டுக்கணக்கில் காதில் வாங்கப்படவே இல்லை என்று எடுத்துக் காட்டிற்று. எண்ணவேண்டியவர்களை எண்ணாமல் விட்டதன் விலை அது! அந்தப் பட்டைக்கு அஞ்சிய பெண்களிடம்தான் இன்று லேசர் விலை பேசப்படுகிறது.

இரண்டு மறுப்புகள் எழும். அவளுடைய பணம், அவளுடைய உடல், அவள் விரும்பிச் செய்துகொள்ளுகிறாள், உமக்கென்ன என்பது ஒன்று. அவள் உடல் அவளுக்கே உரியது. அதிலே நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் விருப்பம் உரிமையாவது உண்மை தெரிந்தபோதுதான். நூற்றில் இத்தனை பேருக்கு, இன்னாரோடு ஒப்பிட, இவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாமல் ‘நீங்கள் இதற்குத் தகுந்தவர்’ என்று புன்னகை பூப்பவர், அவள் உரிமையை மதிக்கவில்லை. அவள் நாணத்தை விலையாக்குகிறார். ஏமாந்த வேறு வாடிக்கையாளர் தெருவில் நின்று கூவுவார். இவள் எந்தத் தெருவில் நின்று, என்னவென்று கூவுவாள்? புகார் சொல்லமுடியாத நோயாளியைப் போல் வாணிபத்துக்கு வாய்த்த நோயாளி வேறெவர்?

ஆய்வு முடியும்வரை அவள் ஈரத்துணியோடு காத்திருக்கவேண்டுமா என்பது இரண்டாவது மறுப்பு. இது இதயத்திலிருந்து எழும் கேள்வி. மதித்தே விடை சொல்லவேண்டும். காத்திருக்கவேண்டாம்! அறிந்த வழிகள் இருக்கின்றன. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல், அடித்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை எழுதி வெளியிட்டார். அத்தகைய பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த காக்ரேன் மதிப்புரையின்படி, அழுத்தக் கசிவு உடையோரில் குணமானோம் என்றவர்கள் பயிற்சி பெற்றோரில் 100க்கு 56 பேர். பெறாதோரில் 6 பேர். லேசருக்கு வைத்த தராசிலேயே இதையும் வைக்கவேண்டும்: அந்த ஆய்வுகள் சிறியவை, பயிற்சி செய்கிறோமா இல்லையா என்பதைச் செய்பவளிடமிருந்து மறைக்கவும் முடியாது. ஆயினும் தீக்காயம் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. எனவேதான் ‘நைஸ்’ நிறுவனம், பயிற்றுநர் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதப் பயிற்சியை முதற்படியாக வைத்திருக்கிறது. எடை மிகுந்தோர்க்கு எடைக் குறைப்பும் உதவும். கடுமையான கசிவு உடையோர்க்கு, நன்மை தீமை இரண்டையும் எடுத்துச் சொன்னபின், அறுவையும் உண்டு.

இங்கே இன்னோர் அநீதி புலப்படுகிறது. சிறிதளவு கசிவு உள்ளவள் செலவின்றி வீட்டிலேயே செய்யும் பயிற்சியால் தேறக்கூடியவள். அவளிடம்தான் லேசர் விற்கப்படுகிறது. கடுமையாகத் துன்பப்படுபவளோ, ‘தகுந்தவர்’ பட்டியலில் இல்லை. தேவை குறைந்தவளிடம் பணம், தேவை மிகுந்தவளுக்குக் கைவிரிப்பு! இதன் பெயர் முன்னறிதலா?

லேசர் ஒருவேளை சிலருக்கு மெய்யாகவே பயன்படலாம். அவர்கள் யார் என்பதையும் ஒருநாள் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கவேண்டும் என்பதே நம் அவா. ஆனால் அதற்குரிய இடம் ஆய்வுக்கூடம். அங்கே வருபவள் விலை கொடுத்து வரக்கூடாது. எல்லாம் அறிந்து, இசைந்து வரவேண்டும். பலன் கண்டவளோடு காணாதவளும் எண்ணப்படவேண்டும். மூன்று மாதத்தோடு கணக்கை மூடிவிடாமல், ஆண்டுகள் கழித்தும் அவளைத் தேடிச்சென்று கேட்கவேண்டும். அதுவரை மருத்துவர் சொல்லவேண்டிய நேர்மையான சொல் ‘தெரியாது’ என்பதே. அந்தச் சொல்லைச் சொல்ல அஞ்சுபவர் சோதிடராகலாம், மருத்துவராகமாட்டார்.

இளைஞர்களே! வீட்டிலே உங்கள் தாயோ தமக்கையோ துணைவியோ சிரிப்பை விழுங்கிக்கொண்டிருக்கக்கூடும். முதலில் அவர்கள் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய இடமாக வீட்டை மாற்றுங்கள். இது தசைத் தளர்ச்சி, தலைக்குனிவன்று என்று எடுத்துச் சொல்லுங்கள். பிறகு எவரேனும் பளபளக்கும் கருவியைக் காட்டிப் பலன் சொல்ல வந்தால், அவர்களோடு துணைக்குச் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டு இந்தப் பலனைச் சொல்கிறீர்? பலன் காணாதவர் எத்தனை பேர்? அவர்கள் இப்போது எப்படி இருக்கின்றனர்? விடை வந்தால் கேட்டு ஆராயுங்கள். வராவிட்டால், பயிற்சி கற்றுத்தரும் இயன்முறை மருத்துவரின் வீட்டு வழியைக் கேட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள்.